மைனஸ் குறி போட்ட விண்ணப்பம்

கேள்வி: ஜெர்மனி ஒன்றாகி முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. மேற்கு ஜெர்மனி தன் வரிப்பணத்தை அள்ளிக் கொட்டியும், கிழக்கில் இருப்பவர்கள் ‘எங்களை இரண்டாந்தரமாக நடத்துகிறார்கள்’ என்று இன்னமும் புலம்புகிறார்கள். போதாததற்குத் தீவிர வலதுசாரிகளுக்கு ஓட்டும் போடுகிறார்கள். இது நன்றிகெட்டத்தனம் இல்லையா? ஒரே மொழி, ஒரே இனம், ஜனநாயக நாடு. அங்கே என்ன பாகுபாடு இருந்துவிட முடியும்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்கர் வேலைக்கு ஒரு பெண் விண்ணப்பித்தார். பிறந்தது கிழக்கில், பல வருடங்களாகக் குடியிருந்தது மேற்கில். வேலை இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அதன் ஓரத்தில் பேனாவால் ‘ஓஸ்ஸி’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு மைனஸ் குறி போட்டிருந்தார்கள். ஓஸ்ஸி என்றால் கிழக்கத்திக்காரர். அவர் நீதிமன்றம் போனார். 2010 ஏப்ரலில் ஸ்டுட்கார்ட் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கிழக்கு ஜெர்மானியர் தனி இனம் இல்லை, ஆகவே பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் அவருக்குப் பொருந்தாது. நீங்கள் எழுதியிருக்கும் அதே ‘ஒரே மொழி, ஒரே இனம்’தான் அந்தப் பெண்ணுக்கு எதிராக நின்றது. மைனஸ் போட்டது உண்மை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும், சட்டத்தில் அதற்கு ஒரு பெயர் இல்லை.

சரி, பணத்துக்கு வருவோம். பணம் வந்தது, நிறையவே வந்தது, மறுக்கவில்லை. சாலைகள் போட்டார்கள், ரயில் பாதைகளைப் புதுப்பித்தார்கள், இடிந்து விழ இருந்த பழைய நகரங்களைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் 1991இல் தொடங்கிய ‘ஒற்றுமை வரி’யை மேற்கத்திக்காரர் மட்டும் கட்டினார் என்று நினைக்காதீர்கள். கிழக்கில் சம்பளம் வாங்கியவரும் அதே வரியைக் கட்டினார். அப்புறம், வந்த பணத்தில் பெரும்பங்கு ஓய்வூதியத்துக்கும் வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகைக்கும்தான் போனது. அத்தனை பேருக்கு ஏன் திடீரென்று வேலை இல்லாமல் போனது என்று கேட்க வேண்டாமா?

1990 ஜூலை 1 அன்று கிழக்கில் மேற்கின் நாணயமான மார்க் புழக்கத்துக்கு வந்தது. சம்பளங்களை ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றினார்கள். மக்கள் அதைத்தான் கேட்டார்கள். ‘மார்க் வந்தால் இருப்போம், வராவிட்டால் நாங்களே அதைத் தேடிப் போவோம்’ என்று தெருவில் கோஷம் போட்டார்கள். ஆனால் ஆலைகளின் நிலைமை வேறு. உற்பத்தித் திறனோ குறைவு, கூலியோ ஒரே இரவில் மதிப்பு மிகுந்த மேற்கு மார்க்கில். அவர்களிடம் சரக்கு வாங்கிவந்த சோவியத் வட்டார நாடுகளிடம் அந்தப் பணம் இல்லை. சில மாதங்களில் தொழில் உற்பத்தி ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. மேற்கு ஜெர்மனியின் அன்றைய பிரதமர் (சான்சலர்) ஹெல்முட் கோல் தொலைக்காட்சியில் தோன்றி, கிழக்கு மாநிலங்கள் பூத்துக் குலுங்கும் என்று வாக்குக் கொடுத்ததும் அதே ஜூலை 1 அன்றுதான்.

ட்ராய்ஹாண்ட் என்றொரு அமைப்பின் கையில் சுமார் 8,500 அரசு நிறுவனங்களும் நாற்பது லட்சம் தொழிலாளர்களும் ஒப்படைக்கப்பட்டிருந்தார்கள். 1994 முடிவதற்குள் விற்பதை விற்று, மூடுவதை மூடிக் கணக்கை முடித்தார்கள். உற்பத்தித் திறனை வைத்துப் பார்த்தால் கிழக்கத்திக்காரர் கைக்கு வந்தது நூற்றுக்குப் பத்துகூட இல்லை. வாங்குவதற்கு அவர்களிடம் ஏது முதல்?

கிழக்கு மாநிலமான தூரிங்கியாவில் பிஷோஃபரோட என்று ஒரு சிற்றூர். அங்கே பொட்டாஷ் உப்புச் சுரங்கம் இருந்தது. கிழக்கின் பொட்டாஷ் தொழிலை மேற்கின் போட்டி நிறுவனத்தோடு இணைத்து, இந்தச் சுரங்கத்தை மூடுவது என்று முடிவானது. வாங்கி நடத்த ஒரு தொழிலதிபர் முன்வந்தும் கொடுக்கவில்லை. 1993 ஜூலையில் சுரங்கத் தொழிலாளர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். பெர்லினுக்கு நடந்தும் போனார்கள். அந்த வருடம் டிசம்பர் 31 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இணைப்பு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பல ஆண்டுகள் மறைத்தே வைத்திருந்தார்கள். ஜனநாயகம் கேட்டு பெர்லின் சுவரை இடித்த மக்களுக்கு, நான்கே வருடத்தில், தங்கள் பிழைப்பைப் பறித்த காகிதத்தைப் படித்துப் பார்க்கும் உரிமைகூட இல்லை. இந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

மேற்கிலிருந்து நிர்வாகம் நடத்த வந்த அதிகாரிகளுக்குத் தனியாக ஒரு படி கொடுத்தார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘புதர்ப்படி’. காட்டுக்குள் போய் வேலை பார்ப்பவருக்குக் கொடுக்கும் படி என்று பொருள். காலனி ஆட்சிக்கால வாடை அடிக்கும் சொல். வந்தவர்களில் நல்லவர்களும் உழைத்தவர்களும் உண்டு. ஆனால் வந்து உட்கார்ந்த நாற்காலிகள் அவர்கள் கையோடே இருந்துவிட்டன. மக்கள் தொகையில் கிழக்கத்திக்காரர் ஏறக்குறைய நூற்றுக்கு இருபது. நாட்டின் உயர்பதவிகளில் பன்னிரண்டு அளவில்தான். 2019இல்கூட, அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒன்றின் தலைமையிலும் கிழக்கில் பிறந்தவர் இல்லை.

‘கிழக்கில் வளர்ந்த ஆங்கெலா மெர்க்கெல் 16 ஆண்டுகள் நாட்டை ஆண்டாரே’ என்று கேட்பீர்கள். பதவியிலிருந்து இறங்கும் நேரத்தில், 2021 அக்டோபர் 3 அன்று, ஹாலே நகரில் அவர் பேசியதைத் தேடிப் படியுங்கள். அவருடைய சொந்தக் கட்சியைச் சார்ந்த அறக்கட்டளையின் வெளியீடு ஒன்றில், கிழக்கில் அவர் வாழ்ந்த வாழ்க்கையை ஒரு ‘சுமை’ என்று எழுதியிருந்தார்கள். அதை மேடையில் எடுத்துச் சொன்னார். அவருக்கே இந்த நிலைமை.

இனி ஓட்டு. 2024 செப்டம்பரில் தூரிங்கியா மாநிலத் தேர்தலில் ஏஎஃப்டி என்ற தீவிர வலதுசாரிக் கட்சி 32.8 சதவீதம் வாங்கி முதலிடம் பிடித்தது. இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 1992 ஆகஸ்டில் ரோஸ்டாக் நகரின் லிஷ்டன்ஹாகனில், சூரியகாந்தி வீடு என்று அழைக்கப்பட்ட அடுக்குமாடிக்குத் தீ வைத்தார்கள். உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட வியட்நாமியர். வெளியே கூட்டம் கைதட்டியது. மாட்டிக்கொண்டவர்கள் கூரை வழியாகத் தப்பினார்கள். அந்த வியட்நாமியரில் பலர் கிழக்கு ஜெர்மனியின் ஆலைகளுக்கு ஒப்பந்தத்தில் வந்து உழைத்தவர்கள். சுவர் விழுந்ததும் முதலில் வேலை போனது அவர்களைப் போன்றவர்களுக்குத்தான். தனக்கு நடந்த அநியாயம் இன்னொருவன் வீட்டைக் கொளுத்த உரிமை தராது. அதே சமயம், அந்தக் கட்சி அறுவடை செய்யும் நிலத்தை உழுது போட்டது யார் என்பதையும் பேசாமல் விட முடியாது.

மற்றக் கணக்குகளையும் பாருங்கள். உலோகத் தொழிலில் மேற்கே 1995 முதல் வாரம் 35 மணி நேரம் வேலை, கிழக்கே நெடுங்காலம் 38. அதே 35 கேட்டுக் கிழக்கில் 2003இல் நடந்த வேலைநிறுத்தம் தோற்றது. ஓய்வூதியத்தைக் கணக்கிடும் புள்ளிக்கு இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்று ஆனது 2023 ஜூலை 1ஆம் தேதி. 1990இல் நாற்பது வயதில் வேலை போய் ஆலைக் கதவைத் தாண்டி வெளியே வந்த ஒரு பெண்ணுக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. அவரிடம் போய் நன்றி எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.