அப்பா பேர்ல இருக்கற படகா, ஏலத்துல வந்த படகா? எதை வாங்கறது?

கேள்வி: சார், நான் திருவொற்றியூர். என்கிட்ட ஏற்கனவே ஒரு 9.9 எச்பி பெட்ரோல் அவுட்போர்டு மோட்டார் (படகுக்குப் பின்னாடி மாட்டறது) இருக்கு, ஷார்ட் ஷாஃப்ட், அதாவது தண்ணிக்குள்ள இறங்கற தண்டு குட்டையானது. அதுக்கு ஒரு பழைய அலுமினியம் போட் தேடறேன். ரெண்டு பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு எண்ணூர்ல 12 அடி, ரிவெட் அடிச்சது, 38,000 சொல்றார். அவங்க அப்பா பேர்ல மீன்பிடிப் படகா ரிஜிஸ்டர் ஆகியிருக்கு, அப்பா இறந்துட்டார். வீட்ல அம்மா, இவர், அம்பத்தூர்ல ஒரு தங்கச்சி. தங்கச்சிக்கு இப்போதைக்கு சொல்லாதீங்கன்னார். 5,000 ஜிபே பண்ணிட்டேன். இன்னொண்ணு ஒரு பழைய சாமான் வியாபாரிகிட்ட 14 அடி, வெல்டிங் பாடி, வெள்ள மீட்புக்கு கவர்மெண்ட் வச்சிருந்து ஏலம் விட்டதாம், 30,000. பேப்பர் எதுவும் காட்டல. ஞாயித்துக்கிழமை எண்ணூர் முகத்துவாரத்துல மீன் பிடிக்கத்தான், நிறைய கிடைச்சா விக்கவும் செய்வேன். சட்டப்படி எது சேஃப்?

பதில்: தம்பி, அந்த தங்கச்சி மேட்டரை நீங்களே எழுதிட்டீங்க பாருங்க, அதுலதான் உங்க கேஸே நிக்குது. 1930ம் வருஷ சரக்கு விற்பனைச் சட்டத்துல 28வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, ஒரு பொருளுக்கு நாலு பேர் பங்காளியா இருந்து மத்தவங்க சம்மதத்தோட ஒருத்தர் கையில மட்டும் அது இருந்தா, அவர் வித்தாலும் நல்லெண்ணத்தோட வாங்கினவருக்கு அது செல்லும், ஆனா விக்க அவருக்கு அதிகாரம் இல்லைன்னு வாங்கறவருக்கு தெரியாம இருக்கணும். உங்களுக்குத்தான் தெரியுமே. தங்கச்சி நாளைக்கு வந்து என் பங்கு எங்கன்னு கேட்டா, எனக்குத் தெரியாதும்மான்னு நீங்க சொல்ல முடியாது, 'தங்கச்சிக்கு சொல்லாதீங்க'ன்னு அண்ணன் உங்ககிட்ட சொன்னதே அவங்களுக்கு சாட்சி ஆயிடும்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தற குடும்பம்னா அம்மா, பையன், பொண்ணு மூணு பேருக்கும் சரிபங்கு, இறந்தவரோட அம்மா உயிரோட இருந்தா அந்தப் பாட்டிக்கும் ஒரு பங்கு. கிறிஸ்தவக் குடும்பம்னா கணக்கு வேற, அம்மாவுக்கு மூணுல ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. எதுவா இருந்தாலும் பையன் ஒருத்தர் கையெழுத்து பத்தாது. தாசில்தார் கொடுத்த வாரிசு சான்றிதழ் ஜெராக்ஸ் கேளுங்க, அதுல யார் யார் பேர் இருக்கோ அத்தனை பேரும் விற்பனை ரசீதுல கையெழுத்து போடட்டும். அம்பத்தூர் ஒண்ணும் லண்டன் இல்லையே, ஒரு ட்ரெயின் ஏறினா வந்துடலாம். 'அப்பறமா வாங்கித் தரேன்'னு சொன்னா நம்பாதீங்க, பணம் கை மாறினதுக்கு அப்பறம் யாரும் யாருக்கும் கையெழுத்து வாங்கித் தர்றதில்ல.

இப்ப ரெண்டாவது போட். கவர்மெண்ட் ஏலத்துல எடுத்ததுன்னா ஏலம் எடுத்தவர் பேர்ல டெலிவரி ஆர்டரும் (பொருளை அவர்கிட்ட ஒப்படைக்கச் சொல்ற உத்தரவு) பணம் கட்டின ரசீதும் இருந்தே ஆகணும், அங்கிருந்து இந்த வியாபாரி கைக்கு வந்ததுக்கு ஒரு பில் இருக்கணும். அது ரெண்டும் இல்லாம, போட் பக்கத்துல ஏதாவது டிபார்ட்மெண்ட் பேர் ஸ்டென்சில்ல அடிச்சிருந்து, விலையும் சல்லிசா இருந்து நீங்க வாங்கினீங்கன்னா, திருட்டுப் பொருள்னு நம்ப காரணம் இருந்தும் வாங்கினார்னு பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்கு பதிலா வந்த தண்டனைச் சட்டம்) 317வது பிரிவுல உங்களை இழுக்க வழி இருக்கு. திருடன்கிட்ட வாங்கினா எத்தனை கை மாறினாலும் ஓனர் ஓனர்தான், அதுதான் பொது விதி. வியாபாரி மேல கேஸ் போட்டு பணம் கேக்கலாம், போட் போனது போனதுதான்.

ஆனா வியாபாரிகிட்ட வாங்கறதுல ஒரு லாபம் இருக்கு, இதை பலபேர் கவனிக்கறதில்ல. தனி ஆள் ஒருத்தர் தன் பழைய போட்டை வித்தா, அது உங்க வேலைக்கு ஆகும்னு சட்டம் தானா எந்த கேரண்டியும் கொடுக்காது, பார்த்து வாங்க வேண்டியது உங்க பொறுப்பு. அந்த மாதிரி சாமானை விக்கறதையே தொழிலா வச்சிருக்கறவர்கிட்ட, 'இந்த 9.9 மோட்டார் மாட்டி முகத்துவாரத்துல ஓட்டணும், ஆகுமா?'ன்னு கேட்டு அவர் சொன்னதை நம்பி வாங்கினா, அதே சரக்கு விற்பனைச் சட்டம் 16வது பிரிவுப்படி அது அந்த வேலைக்கு ஆகியே தீரணும். அதனால கடையில நின்னு வாயால கேக்காதீங்க, வாட்ஸ்அப்ல கேளுங்க, பதிலை வச்சுக்கோங்க. பிரச்சினைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் போகலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். மீன் விப்பேன்னு சொன்னீங்களே, அது சுயதொழில்ல பிழைப்புக்காகன்னா அதுக்காக நுகர்வோர் இல்லைன்னு தள்ள மாட்டாங்க. எண்ணூர்க்காரர் மேல அங்க போக முடியாது, அவர் வியாபாரி இல்ல, சிவில் கோர்ட்தான்.

சரி, பாடியை டெஸ்ட் பண்ணீங்களா? வக்கீலுக்கு எதுக்கு இந்தக் கேள்வின்னு நினைக்காதீங்க. ஒப்பந்தச் சட்டம் 19வது பிரிவுல ஒரு விதிவிலக்கு இருக்கு: விக்கறவர் ஒரு குறையைச் சொல்லாம விட்டார்னு நீங்க பின்னாடி புகார் பண்ணா, சாதாரண கவனத்தோட பார்த்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்குமேன்னு எதிர்த் தரப்பு கேப்பாங்க, பதில் இல்லைன்னா ஒப்பந்தத்தை ரத்து பண்ண முடியாம போயிடும். ஓட்டையை எம்சீல் வச்சு அடைச்சு மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சிருந்தா அது வேற, அது நேரடி மோசடி. ஸோ ரிவெட் போட்டை ரெண்டு ஸ்டாண்டு மேல தூக்கி வச்சு உள்ள தண்ணி ஊத்தச் சொல்லுங்க, அரை மணி நேரம் கழிச்சு அடியில எந்த ரிவெட்ல சொட்டுதுன்னு கைல சாக்பீஸ் வச்சு வட்டம் போட்டு, ஓனர் நிக்கறது தெரியற மாதிரி வீடியோ எடுங்க. ஒழுகற ரிவெட்டை மாத்திக்கலாம், அதுக்கு விலை குறைங்க. வெல்டிங் பாடின்னா பின்னாடி மோட்டார் மாட்டற பலகைக்கு பக்கத்துல மூலை மூலையா விரிசல் பாருங்க, உப்புத்தண்ணில கிடந்ததுன்னா பித்தளை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டு போட்ட இடத்தைச் சுத்தி அலுமினியம் வெள்ளை மாவா உதிரும், அதையும் பாருங்க. அந்தப் பலகைக்குள்ள பிளைவுட்டா இருந்தா உளுத்திருக்கலாம், மோட்டாரை மாட்டி கீழ்ப் பக்கம் புடிச்சு ஆட்டினா பலகை சேர்ந்து வளையுதான்னு தெரிஞ்சுடும். அப்பறம் டேப்ல அளங்க: ஷார்ட் ஷாஃப்ட்டுக்கு பலகை உயரம் சுமார் 15 இன்ச் இருக்கணும், அந்த 14 அடி போட்ல 20 இன்ச் இருந்தா உங்க ப்ரொபெல்லர் பாதி காத்துலதான் சுத்தும், அப்பறம் எந்த சட்டம் வந்தும் பிரயோஜனம் இல்ல.

ரிஜிஸ்ட்ரேஷன் பத்தி சுருக்கமா. கடல்ல மீன் பிடிக்கணும்னா 1983ம் வருஷ தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கு, 2008 மும்பை தாக்குதலுக்கு அப்பறம் பேப்பர் இல்லாத போட்டை மரைன் போலீஸ் சும்மா விடறதில்ல. முகத்துவாரம்னா கொஞ்சம் அலை இழுத்தா கடல்தான். எண்ணூர் போட்டோட ரிஜிஸ்ட்ரேஷன் அப்பா பேர்லயே இருக்கறதால, மீன்வளத்துறை உதவி இயக்குநர் ஆபீஸ் போய் வாரிசுங்ககிட்ட இருந்து உங்க பேருக்கு மாத்த என்னென்ன வேணும், மீனவர் சங்கத்துல இல்லாத ஆளுக்கு மாத்தித் தருவாங்களான்னு மீதி 33,000 கொடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க. ஏல போட்டுக்கு எல்லாமே புதுசா ஆரம்பிக்கணும். புழல், செம்பரம்பாக்கம் மாதிரி குடிநீர் ஏரிக்கு எடுத்துட்டுப் போற ஐடியா இருந்தா இப்பவே விட்டுடுங்க.

என் கருத்து, தங்கச்சி கையெழுத்து போட்டா எண்ணூர் போட், எட்டாயிரம் ஜாஸ்தின்னாலும் பரவாயில்ல. போடலைன்னா அதையும் விட்டுட்டு, வியாபாரி டெலிவரி ஆர்டர் காட்டினா மட்டும் ரெண்டாவது. ரெண்டும் ஆகலைன்னா வேற தேடுங்க, இந்த ஊர்ல ஃபைபர் போட் நிறைய கிடைக்கும்.

ரசீது எழுதும்போது நீளம், ரிவெட்டா வெல்டிங்கா, ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர், தெரிஞ்ச குறைகள், 'இது மேல வேற யாருக்கும் உரிமை, கடன் கிடையாது, வந்தா பணத்தைத் திருப்பித் தரேன்'ங்கற வரி, எல்லாம் இருக்கட்டும். 5,000 ரூபாய்க்கு மேலன்னா ஒரு ரூபா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அது மேல கையெழுத்து. பணம் அக்கவுண்ட்லயே போடுங்க. அட்வான்ஸைப் பத்தி இன்னைக்கே அவருக்கு ஒரு மெசேஜ் போட்டுடுங்க: 'வாரிசுங்க எல்லாரும் கையெழுத்து போட்டாதான் மீதி தருவேன், 15 நாள்ல முடியலைன்னா 5,000 திருப்பித் தாங்க'ன்னு. விக்க முழு உரிமை இல்லாதவர் அட்வான்ஸை வச்சுக்க முடியாது. அவர் தரலைன்னா இந்தத் தொகைக்கு வக்கீல் ஃபீஸ் கட்டிட்டு திரியாதீங்க, சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல ஒரு மனு கொடுங்க, செலவில்லாம ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவாங்க.