அறுபதாம் கல்யாணம் முடிஞ்ச கையோட தரங்கம்பாடிக்கு போயிடுங்க அக்கா

கேள்வி: பென்னாகரம் பக்கம் இருந்து எழுதறேன். வர்ற மாசில என் வீட்டுக்காரருக்கு 60 முடியுது. பசங்க திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம் பண்ணி வைக்கறாங்க, வேன் பேசியாச்சு. அது முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேர் மட்டும் ரெண்டு நாள் கடலோரம் தங்கிட்டு வரணும்னு ஆசை, இத்தனை வருஷத்துல தனியா எங்கயுமே போனதில்ல. எனக்கு முட்டி வலி இருக்கு, ரொம்ப நடக்க முடியாது. பாண்டிச்சேரி, வேளாங்கண்ணி, மகாபலிபுரம்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க, எது சரி?

பதில்: மூணுமே வேணாம்க்கா, நீங்க கேட்டது திருக்கடையூருக்கு பக்கத்துலயே இருக்கு. அபிராமி அம்மன் கோயில்ல இருந்து எட்டு கிலோமீட்டர் போல தெற்க போனா தரங்கம்பாடி, ஆட்டோவுலயே போயிடலாம். நான் இந்த டூர் வேலைய தர்மபுரில பல வருஷமா பாக்கறேன், திருக்கடையூருக்கு மட்டும் எத்தனையோ குடும்பத்த அனுப்பியிருக்கேன், எல்லாரும் காலைல ஹோமம், மாலை மாத்தறது, மதியம் சாப்பாடு, உடனே வேன்ல ஏறி வைத்தீஸ்வரன்கோயில், சிதம்பரம்னு ஓடிடுவாங்க, கல்யாணம் பண்ணிக்கிட்ட ரெண்டு பேரும் வேன்ல பின் சீட்ல தூங்கிட்டு வருவாங்க. அத பாக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேக்காது.

தரங்கம்பாடிய ஏன் சொல்றேன்னா ஊரு ரொம்ப சின்னது. 1792ல கட்டின பழைய கோட்டை வாசல், வெள்ளையடிச்சு மரக்கதவோட இருக்கும், அதுல நுழைஞ்சா கடல் வரைக்கும் நேரா ஒரே தெரு, மெதுவா நடந்தாலும் பத்து பதினஞ்சு நிமிஷம்தான். பாக்க வேண்டியது எல்லாமே அந்த தெருவுலயும் அது முடியற இடத்துலயும்தான் இருக்கு, உங்க முட்டிக்கு இதவிட தோதான ஊரு கடலோரத்துல எனக்கு தெரிஞ்சு இல்ல. தெருவுக்கு கிங் ஸ்ட்ரீட்னு பேரு, டென்மார்க்காரங்க கைல இருந்த ஊரு அது. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் கிட்ட ஒப்பந்தம் போட்டு மிளகு வியாபாரத்துக்கு வந்தவங்க கடலப் பாத்த மாதிரி ஒரு கோட்டைய கட்டினாங்க, டேன்ஸ்போர்க் கோட்டைனு சொல்லுவாங்க, 1845ல இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டு போற வரைக்கும் இருநூறு வருஷத்துக்கு மேல அவங்க கைலதான் இருந்துச்சு.

கோட்டைக்குள்ள மியூசியம் இருக்கு, ஆனா வெள்ளிக்கிழமை லீவு. உங்க வீட்டுக்காரர் நட்சத்திரம் எந்த கிழமைல வருதுனு இப்பவே பாத்துக்குங்க, வியாழக்கிழமை விழுந்துச்சுன்னா மியூசியத்த சனிக்கிழமைக்கு தள்ளி வச்சுக்கலாம். மேல் தளத்துக்கு படி ஏறணும், முட்டி விடலன்னா ஏற வேணாம்க்கா, அண்ணன மட்டும் அனுப்பிட்டு நீங்க கீழ முற்றத்துலயே உக்காருங்க, மதிலுக்கு அந்தப்பக்கம் அலை சத்தம் கேட்டுகிட்டே இருக்கும்.

தெருவுல இன்னொரு இடம் கட்டாயம் நின்னு பாருங்க. 1706ல சீகன்பால்குனு ஒரு பாதிரியார் ஜெர்மனில இருந்து வந்து இறங்கினாரு, இங்க வந்து தமிழ் படிச்சு, அச்சு இயந்திரம் வரவச்சு, 1715ல புதிய ஏற்பாட்ட தமிழ்ல அச்சடிச்சு முடிச்சாரு, பேப்பர் பத்தலனு பக்கத்துல பொறையாறு கிட்ட காகித ஆலையே வச்சாங்க, அந்த இடத்துக்கு இன்னைக்கும் கடுதாசிப்பட்டறைனுதான் பேரு. 1718ல அவர் கட்டின புது எருசலேம் ஆலயம் தெருவுலயே இருக்கு, முகப்புல டென்மார்க் ராஜாவோட கிரீட முத்திரைய பாக்கலாம், அவர அடக்கம் பண்ணினதும் உள்ளதான். நாம தினமும் காலைல பேப்பர் படிக்கறோமே, தமிழ் எழுத்து ஈயத்துல வார்த்து இங்க அடிச்சிருக்காங்கனு நினைச்சு பாத்தா எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்த்துடும்.

கடற்கரைலயே மாசிலாமணிநாதர் கோயில் இருக்கு, 1306ல மாறவர்ம குலசேகர பாண்டியன் காலத்துல கட்டினது, முன்பக்கம் பூரா கடல் அரிச்சுட்டு போயிடுச்சு, மிச்சத்த காப்பாத்த பெரிய பெரிய பாறாங்கல்ல கொட்டி வச்சிருக்காங்க. இந்த கல்லு மேல ஏறி போட்டோ எடுக்கறேன்னு போகாதீங்க, வழுக்கும். குளிக்கவும் இறங்க வேணாம், அலை ஆளை இழுக்கற கடல் அது, கால நனைச்சா போதும். 2004 சுனாமில ரொம்ப அடி வாங்கின ஊரு, அங்க மீனவங்க கிட்ட பேச்சு குடுத்தீங்கன்னா அவங்களா சொல்லும்போது கேட்டுக்குங்க, நீங்களா தோண்டி கேக்காதீங்க.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், ரெண்டு ராத்திரியும் ஒரே ரூம்ல தங்குங்க, ஊர மாத்தாதீங்க. கடல் பாத்த மாதிரி பழைய பங்களாவ ஹோட்டலா மாத்தி வச்சிருக்காங்க, வாடகை கொஞ்சம் கூடதான், பசங்க அறுபதாம் கல்யாணத்துக்கு என்ன வேணும்னு கேட்டா மோதிரம் செயின்னு சொல்லாம இத கேளுங்க. முன்கூட்டியே புக் பண்ணணும், ரூம் கொஞ்சம்தான் இருக்கும், படி ஏறாம கீழ் தளத்துலயே வேணும்னு அப்பவே சொல்லிடுங்க. வேன்ல வர்ற டூரிஸ்ட் கூட்டம் பத்து மணிக்கு மேலதான் வந்து அஞ்சு ஆறு மணிக்கு கிளம்பிடும், அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஊரு உங்களுக்குத்தான். விடிகாலைல அஞ்சரை மணிக்கு ஒரு சால்வைய போத்திகிட்டு ரெண்டு பேரும் கோட்டைக்கு முன்னாடி போய் உக்காருங்க, முதல்ல மீன் பிடிக்கற போட் சத்தம் மட்டும் கேக்கும், அப்புறம் கருப்பா ஒரு புள்ளி, அப்புறம் சூரியன் தண்ணிக்குள்ள இருந்து எந்திரிக்கும். நாம மலைக்கு பின்னால இருந்து வர்ற சூரியனயே பாத்து பழகினவங்க, அது வேற இது வேற.

மாசி மாசம் ரொம்ப நல்ல நேரம், ஐப்பசி கார்த்திகைனா புயல் மழைனு நானே வேணாம்னு சொல்லியிருப்பேன். மீனுக்கும் கவலை இல்ல, ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் தடைக்காலம், அப்ப பெரிய போட் போகாது, மாசில அந்த பிரச்சனை கிடையாது. நமக்கு மீன்னா ஒகேனக்கல்ல ஆத்து மீன மசால் தடவி தோசைக்கல்லுல போட்டு குடுப்பாங்களே அதுதான், இங்க கடல் மீன் குழம்பு, ருசியே வேற மாதிரி இருக்கும். கோயில் காரியம் நடக்கற அன்னைக்கு மட்டும் சைவமா இருந்துட்டு மறுநாள் சாப்பிடுங்க.

ரெண்டாவது நாள் சாயங்காலம் ஒரு கார் பேசிக்கிட்டு பூம்புகார் போயிட்டு வாங்க, இருபது கிலோமீட்டர் போலத்தான். கண்ணகி கதைய கல்லுல செதுக்கி வச்ச கலைக்கூடம் இருக்கு, முட்டி வலிச்சா அத விட்டுடுங்க. ஆனா காவேரி கடல்ல சேர்ற இடத்துக்கு மட்டும் போகாம வராதீங்க. நீங்க பென்னாகரம்க்கா, ஒகேனக்கல்ல அந்த தண்ணி பாறைய பொளந்துகிட்டு விழற சத்தத்த சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்தவங்க, அதே காவேரி மேட்டூர், கல்லணை, மேலையூர் கடையணைனு எல்லாத்தையும் தாண்டி வந்து இங்க சத்தமே இல்லாம மெலிசா மணல்ல ஊர்ந்து போய் கடல்ல கலக்கும். ஒரு அம்மா, பாலக்கோட்டுக்காரங்க, அந்த இடத்துல நின்னு தண்ணிய கைல அள்ளி தலைல தெளிச்சுகிட்டு "எங்கூர்ல இருந்து நடந்தே வந்துட்டியாடி"னு காவேரிகிட்ட கேட்டாங்க, நான் பக்கத்துல நின்னுகிட்டு இருந்தேன்.

திரும்பறதுக்கு மயிலாடுதுறைல இருந்து மைசூர் எக்ஸ்பிரஸ் இருக்கு, சாயங்காலம் ஏறினா சேலம், தர்மபுரி வழியாத்தான் போகும், தரங்கம்பாடில இருந்து ஸ்டேஷன் முப்பது கிலோமீட்டர். முன்ன தரங்கம்பாடி வரைக்குமே மீட்டர் கேஜ் ரயில் ஓடுச்சு, 1986ல நிறுத்திட்டாங்க. டிக்கெட் போடும்போது லோயர் பெர்த் கோட்டாவுல கேளுங்க, பொம்பளைங்களுக்கு 45, ஆம்பளைங்களுக்கு 60 வயசு ஆகியிருக்கணும், அண்ணனுக்கும் அப்ப 60 ஆயிடும், ரெண்டு பேருக்கும் கீழ்ப்படுக்கை கிடைக்க வாய்ப்பு இருக்கு. தர்மபுரி வர்றப்ப நடுராத்திரி தாண்டிடும், பையன ஸ்டேஷனுக்கு வண்டியோட வர சொல்லிடுங்க. அப்புறம் வேன் திரும்பும்போது ரெண்டு சீட் காலியாத்தான் வரும்னு இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க, அன்னைக்கு அங்க வச்சு சொன்னா மருமக, பேரன், உங்க நாத்தனார்னு எல்லாரும் நாங்களும் வர்றோம்னு கிளம்பிடுவாங்க.