பிளக் ஏன் கருகுகிறது? – மின்சாரக் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கீசரில் 15 லிட்டர், 230 வோல்ட், 2000 வாட் என்று போட்டிருக்கிறது. சாயங்காலம் வோல்டேஜ் 190-க்கு இறங்கிவிடுகிறது. தண்ணீர் சூடாக வெகுநேரம் ஆகிறது. காயில் போய்விட்டதா, வோல்டேஜ்தான் காரணமா?
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: காயில் மேல் பழி போடுமுன் அதன் மின்தடையைக் கணக்குப் போட்டுவிடுங்கள். (செய்தித்தாளில் மின்தடை என்றால் கரண்ட் கட். இங்கே சொல்வது பாடப்புத்தக மின்தடை, ஓமில் அளப்பது.) லேபிளில் உள்ள இரண்டு எண்களே போதும். வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி வாட்டால் வகுங்கள்: 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் கரண்ட்: 8.7 ஆம்பியர்.

இனி 190 வோல்ட். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 2000-ஐ 190-ஆல் வகுத்து, கரண்ட் 10.5 ஆம்பியருக்கு ஏறிவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள். ஹீட்டர் காயிலில் மாறாமல் நிற்பது வாட் அல்ல, ஓம். காயிலுக்குள் இருக்கும் நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) கம்பி எவ்வளவு சூடானாலும் அதன் மின்தடை சில சதவீதத்துக்கு மேல் நகராது. ஆகவே 190 ÷ 26.45 = 7.18 ஆம்பியர். அதை 190-ஆல் பெருக்கினால் சுமார் 1365 வாட். வோல்டேஜ் 17 சதவீதம்தான் குறைந்தது, வாட்டோ 32 சதவீதம் போய்விட்டது. 15 லிட்டர் தண்ணீர் 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு வர 230 வோல்ட்டில் ஏறக்குறைய 17 நிமிடம் பிடிக்கும், 190-இல் 25 நிமிடம். உங்கள் வீட்டில் ஆகும் நேரம் இதை ஒட்டியிருந்தால் காயிலில் கோளாறு இல்லை. மின் கட்டணமும் குறையாது, இரண்டு விதத்திலும் அதே 0.58 யூனிட் செலவாகும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் மல்ட்டிமீட்டரை எடுங்கள். எம்.சி.பி.யை இறக்கி, பிளக்கையும் பிடுங்கி, காயிலுக்குப் போகும் வயர்களைக் கழற்றிவிட்டு, 200 ஓம் நிலையில் வைத்து அளக்க வேண்டும். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3 என்று காட்டினால் அது மீட்டர் வயரின் மின்தடை, கழித்துவிடுங்கள். மிச்சம் 25-லிருந்து 29-க்குள் வந்தால் காயில் சரி. எண்ணே வராவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. காயிலில் சரியாகக் காட்டி, வயர்களைத் திரும்ப மாட்டியபின் பிளக் முனைகளில் ஒன்றும் காட்டாவிட்டால், சூடு மிஞ்சினால் கரண்ட்டை நிறுத்தும் கட்-அவுட் உள்ளேயிருக்கும், அதைப் பாருங்கள். வயர்களை மறுபடி கழற்றி, மீட்டரை அதன் உயர்ந்த ஓம் நிலைக்கு மாற்றி, காயில் முனைக்கும் டேங்க் உடம்புக்கும் நடுவே ஒரு முறை வையுங்கள். அங்கே கிலோ ஓம் கணக்கில் ஏதாவது எண் வந்தால் உள்ளே ஈரம் இறங்கிவிட்டது. அந்தக் காயிலில் தண்ணீர் சுடும்தான், ஆனாலும் மாற்றாமல் போடவே கூடாது.

கேள்வி: கீசருக்கு 16 ஆம்பியர் பிளக்தான். வயரும் சரியான கனம். ஆனாலும் பிளக்கின் ஒரு கால் மட்டும் கருகிவிடுகிறது. இரண்டு பிளக் மாற்றியாகிவிட்டது.
– வாசகர், காரைக்குடி

பதில்: ஒரு கால் மட்டும் கருகுவது நல்ல துப்பு. கரண்ட் இரண்டு காலிலும் ஒரே அளவுதான் ஓடுகிறது, அப்படியிருந்தும் சூடு ஒரு பக்கம் மட்டும் என்றால் மின்தடை அங்கே உட்கார்ந்திருக்கிறது. கரண்ட்டைக் கரண்ட்டாலேயே பெருக்கி ஓமால் பெருக்கினால் அந்த இடத்தில் பிறக்கும் வாட் கிடைக்கும். 1840-களிலேயே ஜேம்ஸ் ஜூல் அளந்து காட்டிய கணக்கு இது. உங்கள் கீசரும் 2000 வாட் என்றும், லூஸான தொடுமுனையில் அரை ஓம் இருப்பதாகவும் வைப்போம்: 8.7 × 8.7 × 0.5 = 38 வாட். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! அதைவிட அதிகச் சூடு, கடுகளவு இடத்தில், பிளாஸ்டிக்கை ஒட்டியே. இறுக்கமான தொடுமுனையில் 0.005 ஓம் இருந்தால் 0.4 வாட்கூட வராது.

பிளக்கை மட்டும் மாற்றியதுதான் தவறு. சூடுபட்ட சாக்கெட்டின் பித்தளை இதழ் விறைப்பு இழந்து, காலைக் கவ்வாது. புது பிளக்கையும் அதே சாக்கெட் கருக்கிவிடும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கருகிய வயரைச் செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை வெட்டி, லக் (வயர் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) அடித்து, ஸ்க்ரூவை இறுக்குங்கள். அரை ஓமை மல்ட்டிமீட்டரின் ஓம் நிலையில் தேடாதீர்கள், மீட்டர் வயரின் மின்தடையிலேயே அது மறைந்துவிடும். வயர்மேனிடம் சொல்லி, கீசர் ஓடும்போது தொடுமுனையின் இரு பக்கத்துக்கும் நடுவே வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே 4 வோல்ட் தெரிந்தால் 4 ÷ 8.7, ஏறக்குறைய அரை ஓம்.

கேள்வி: சீலிங் ஃபேன் காயிலை அளந்தால் 160 ஓம். கணக்குப்படி 330 வாட் வருகிறது, ஃபேனில் 75 வாட் என்றிருக்கிறது. எது பொய்?
– மாணவர், நாகர்கோவில்

பதில்: இரண்டும் பொய் இல்லை. நீங்கள் போட்ட கணக்கு ஹீட்டருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் பொருந்தும். மோட்டார் சுருளில் மாறுமின்னோட்டம் ஓடும்போது அதன் தூண்டல் எதிர்த்து நிற்கிறது. மீட்டரிலுள்ள பேட்டரிக்கு அது தெரியாது, கம்பியின் மின்தடையை மட்டும் சொல்கிறது. ஃபேனுக்கு வோல்ட், ஆம்பியர், பவர் ஃபேக்டர் (வோல்ட்டும் கரண்ட்டும் எவ்வளவு ஒத்து ஓடுகின்றன என்று காட்டும் எண்) மூன்றையும் பெருக்கினால்தான் வாட். குண்டு பல்பிலும் மீட்டர் காட்டும் ஓமை வைத்துக் கணக்குப் போட முடியாது, பழைய 100 வாட் பல்பை அளந்து பாருங்கள். எரியும்போது அதற்கு 529 ஓம், குளிர்ந்திருக்கும்போது 40 ஓம் அளவில்தான் இருக்கும். ஓம் குறைவாக இருக்கும் அந்த நொடியில் கரண்ட் பல மடங்கு பாயும், சுவிட்ச் போடும்போது பெரும்பாலும் பல்பு பட்டென்று போவது அதனால்தான்.