பர்மாவில் கடையைப் பறித்தது கம்யூனிஸ்ட் ஆட்சியா?

ரங்கூனில் இருந்த தன் கடையைக் கம்யூனிஸ்ட் ஆட்சி பறித்தது என்று தாத்தா சொல்கிறார், அதை மதுரைப் பட்டிமன்றத்தில் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. உங்கள் தாத்தாவின் கடையை எடுத்துக்கொண்டது ராணுவ ஆட்சி. "கம்யூனிசம்னாலே ராணுவ ஆட்சிதானே" என்று பட்டிமன்றத்தில் பேசினால் எதிரணி மடக்கிவிடும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், 1962இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நே வின் தன் கொள்கைக்கு 'சோசலிசத்துக்கான பர்மியப் பாதை' என்று பெயர் வைத்தார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. நம் பக்கத்து ஆட்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். ஆனால் பர்மிய கம்யூனிஸ்ட் கட்சி அதே ராணுவத்தை எதிர்த்துத்தான் காட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

எந்த நாட்டை எடுத்தாலும் இரண்டைக் கேட்டுப் பாருங்கள்:

1. துப்பாக்கிக்கு உத்தரவிடுவது கட்சியா, தளபதியா? சீனாவில் ராணுவமே கட்சிக்குக் கட்டுப்பட்டது.

2. சொத்து யார் கையில்? 1973இல் சிலியில் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி பினோசே கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிவிட்டுத் தனியார்மயத்தைக் கொண்டுவந்தார். ராணுவ ஆட்சி எந்தப் பொருளாதாரத்தோடும் ஒட்டிக்கொள்ளும்.

மதுரை மேடை என்பதால் இதையும் சொல்லுங்கள்: 1957இல் இதே தொகுதி கே.டி.கே. தங்கமணியை மக்களவைக்கு அனுப்பியது. கம்யூனிஸ்ட், ஓட்டு வாங்கி ஜெயித்தவர்.

அதற்காக மறுகோடிக்கும் போய்விடாதீர்கள். கம்யூனிஸ்ட் நாடுகளில் ஒரு கட்சி சர்வாதிகாரம் இருந்தது, இருக்கிறது. போலந்தில் 1981இல் கட்சித் தலைவராகவும் இருந்த ஜெனரல் யாருசெல்ஸ்கியே ராணுவச் சட்டம் போட்டார். அங்கே இரண்டும் கலந்துதான் போயின.

தாத்தாவிடம் இதை வைத்து வாதாட வேண்டாம். பெயரை மாற்றிச் சொல்கிறார், அவ்வளவுதான். கடை போனது நிஜம். அந்தக் கடையைப் பற்றி முதலில் கேட்டு எழுதி வையுங்கள்.