பழைய பூ-எர் தேயிலை வாங்கப் போகிறீர்களா? முதலில் உறையைப் படியுங்கள்

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் ஐம்பத்தைந்து வயதாகிறது. வரும் ஏப்ரலில் ஒன்பது நாள் பயணமாகச் சீனாவின் யுன்னான் மாகாணத்துக்குப் போகிறோம். குதிரைகளும் கோவேறு கழுதைகளும் திபெத்துக்குத் தேயிலை சுமந்த பழைய மலைப்பாதையைப் பார்க்க ஆசை. நல்ல பழைய பூ-எர் தேயிலையும் வாங்கி வர வேண்டும். ஓர் ஏஜென்ட், "லாசா வரை முழுப் பாதை, அனுமதிக் கட்டணம் தனி, முப்பது வருடத் தேயிலை நேரடியாகத் தோட்டத்திலேயே" என்கிறார். நம்பிப் பணம் கட்டலாமா? (கோவை வாசகர்)

பதில்: கட்டாதீர்கள். அவர் சொல்லும் மூன்றும் தனித்தனியாகவே கோளாறு.

முதலில் லாசா. யுன்னானின் வடமேற்கிலுள்ள ஷாங்ரிலாவிலிருந்து சாலை வழியே 1,500 கிலோமீட்டருக்கு மேல். நடுவே தோங்டா கணவாய் 5,000 மீட்டர் உயரத்தைத் தாண்டுகிறது. உடம்பு உயரத்துக்குப் பழக இடம் கொடுத்துப் போனால் இந்த ஒரு துண்டுக்கே ஒரு வாரம் போய்விடும். ஒன்பது நாளில் முழுப் பாதை என்பவர் உங்களை விமானத்தில் கொண்டுபோய் லாசாவில் இறக்குவார், அல்லது தலைவலியும் வாந்தியுமாகக் காரில் அடைத்து ஓட்டுவார்.

அடுத்தது அனுமதி. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். திபெத் தன்னாட்சிப் பிரதேசத்துக்குள் வெளிநாட்டவர் போக, சீன விசாவுக்கு மேல் தனி அனுமதி வேண்டும். அதை நீங்களே விண்ணப்பித்து வாங்க வழி கிடையாது. பதிவுபெற்ற ஏஜென்சி மூலம்தான், எந்த நாள் எந்த ஊர் என்று எழுதிக் கொடுத்துத்தான் கிடைக்கும். தரைவழி என்றால் போகும் பகுதியைப் பொறுத்து இன்னும் ஓரிரு அனுமதிகள் சேரும். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முழுக்கப் பெரும்பாலும் கதவையே சாத்திவிடுவார்கள். பயணிக்கும் அலுவலகத்துக்கும் நடுவே கட்டாயமாக ஓர் ஆளை நிறுத்தி வைத்துவிட்டு, அவர் எதற்கு எவ்வளவு வாங்குகிறார் என்று யாரும் கேட்பதில்லை. இடைத்தரகர் கொழிக்க இதைவிட வேறு என்ன வசதி வேண்டும்?

ஆனால் இந்த விதி பிரதேசத்துக்குத்தான். திபெத்தியர் வாழும் ஊருக்கெல்லாம் அல்ல. நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஷாங்ரிலாவும் தெச்சினும் யுன்னான் மாகாணத்தில் இருக்கின்றன. பழைய தேயிலைச் சந்தையான காங்டிங் சிச்சுவான் மாகாணத்தில் இருக்கிறது. அங்கெல்லாம் மடாலயம், வெண்ணெய்த் தேநீர், திபெத்திய மொழி எல்லாமே உண்டு. திபெத் அனுமதி மட்டும் தேவையில்லை, சீன விசா போதும். தெச்சினிலிருந்து அதே சாலையில் வடக்கே போனால் யான்ஜிங் என்ற ஊர் வரும். மேகாங் ஆற்றங்கரையில் அடுக்கடுக்காக உப்புப் பாத்திகள். அதே ஆறு, அதே மலை, ஆனால் அந்த ஊர் தன்னாட்சிப் பிரதேசத்துக்குள் விழுகிறது. அங்கே போக அனுமதி வேண்டும். "சும்மா ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வரலாம்" என்று எந்த ஓட்டுநர் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். சோதனைச் சாவடியில் அவருக்கு ஒன்றும் ஆகாது, மாட்டுவது நீங்கள்தான். ஏஜென்டிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "அனுமதி எந்த ஊருக்கு?" ஷாங்ரிலாவுக்கு என்று பதில் வந்தால் வேறு ஏஜென்டைப் பாருங்கள்.

பாதையைப் பார்க்க லாசா வரை போகவே வேண்டாம். 1954 கடைசியில் சிச்சுவானிலிருந்தும் சிங்ஹாயிலிருந்தும் லாசாவுக்கு லாரிச் சாலை திறந்தபின் குதிரைச் சரக்குக் கூட்டங்கள் ஓய்ந்தன. பழைய பாதையின் பெரும்பகுதி இன்று தாருக்கு அடியில் கிடக்கிறது. கல் பாவிய துண்டுகள் மிஞ்சியிருக்கும் இடங்களில் ஒன்று, யுன்னானின் தெற்கே நிங்-எர் பக்கத்தில் நாகெலி கிராமம். கல்லில் குளம்புக் குழிகளைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். குன்மிங்கிலிருந்து லாவோஸ் போகும் ரயில் பாதையில்தான் நிங்-எர் இருக்கிறது. வடக்கே, டாலிக்கும் லிஜியாங்குக்கும் நடுவில் ஷாஷி. அங்கே சந்தைச் சதுக்கம், எதிரெதிரே கூத்து மேடையும் கோயிலும், கூட்டங்கள் தங்கிய சத்திரங்கள், ஆற்றின் மேல் கல்பாலம் என்று ஒரு வணிக ஊரின் முழு அமைப்பும் அப்படியே நிற்கிறது. அழியும் ஆபத்திலுள்ள நினைவுச்சின்னங்களின் 2002ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்று, பிறகு சுவிஸ் வல்லுநர்கள் துணையோடு பழுதுபார்க்கப்பட்ட இடம். வெள்ளிக்கிழமை சந்தை கூடும். அதற்கேற்ப நாளை அமைத்துக்கொண்டு இரண்டு இரவு தங்குங்கள். லிஜியாங் பழைய நகருக்கு ஓர் இரவு தாராளம்.

லிஜியாங் அருகே லாஷி ஏரியில் 'பழைய தேயிலைப் பாதையில் குதிரைச் சவாரி' என்று விற்பார்கள். கார் ஓட்டுநருக்குக் கமிஷன் உண்டு என்பதால் அவர் விடாமல் வற்புறுத்துவார். ஆசையாக இருந்தால் போங்கள்; ஏறும் முன் மொத்த விலை, தூரம், படகு சேர்த்தியா என்பதை மொழிபெயர்ப்பு ஆப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது சவாரிதான், வரலாறு அல்ல.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. லிஜியாங் 2,400 மீட்டர், ஷாங்ரிலா 3,200. ரயில் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடும், உடம்பு அத்தனை வேகமாகப் பழகாது. போன அன்று நடையைக் குறையுங்கள், மது வேண்டாம். இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேளுங்கள். அங்கே வீடுகளில் தரும் வெண்ணெய்த் தேநீர் உப்பாக இருக்கும்: அழுத்திய தேயிலையைக் கொதிக்கவிட்டு, வெண்ணெயும் உப்பும் சேர்த்து, நீண்ட மரக் குழாயில் கடைவார்கள். குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கிண்ணத்தை நிறைந்தபடியே விட்டுவிட்டு, விடைபெறும்போது குடித்தால் போதும்.

இனி உங்கள் தேயிலை. பூ-எர் என்பது யுன்னானின் பெரிய இலைத் தேயிலையை வெயிலில் காயவைத்து, கருப்பட்டி வட்டு மாதிரி அழுத்தியது. வழக்கமான வட்டு 357 கிராம். ஏழு வட்டு சேர்த்து மூங்கில் உறையில் கட்டினால் இரண்டரைக் கிலோ. 'ஷெங்' என்ற பச்சை வகை ஆண்டுக்கணக்கில் மெல்ல முதிரும். 'ஷோ' என்ற வகை, குவித்து நீர் தெளித்து வாரக்கணக்கில் புளிக்கவைப்பது. இந்த முறையே 1973இல் குன்மிங்கில்தான் உருவானது. ஆகவே நூறு வருட ஷோ என்று யாராவது காட்டினால் அந்தக் கடையில் எதுவுமே வாங்காதீர்கள்.

முப்பது வருடம் என்று உறையில் அச்சிட எந்த அச்சகத்திலும் முடியும். ஆனால் போலி அச்சடிப்பவர்கள் கவனிக்காத விஷயங்கள் சில உண்டு. சீன உணவு உரிம எண் 'எஸ்சி' என்ற இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கி 14 இலக்கம் வரும். இந்த முறை 2015 அக்டோபரில்தான் வந்தது. அந்த எண்ணோடு 1995 என்று அச்சிட்டிருந்தால் பொய். பூ-எருக்கான தேசியத் தர எண் 2008ஐச் சேர்ந்தது. எண்ணின் கடைசியிலேயே 2008 என்று இருக்கும். அது அச்சிட்ட உறை அதற்கு முந்தையதாக இருக்கவே முடியாது. இன்று பூ-எர் நகரம் என்பதன் பெயர் 2007 வரை சிமாவ். 'பூ-எர் நகரம்' என்ற முகவரியோடு தொண்ணூறுகளின் வட்டு வந்தால் அதுவும் பொய்தான். விடுதி வரவேற்பாளரிடம் உறையைக் காட்டி இந்த மூன்றையும் வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றும் பொருந்திவிட்டால் பழையது என்று நிரூபணம் ஆகிவிடாது. நல்ல போலியும் உண்டு. உண்மையான பழைய உறைக்குள் புது இலையை வைத்து விற்பவரும் உண்டு.

அதனால் இலையைப் பாருங்கள். வெந்நீர் ஊற்றித் தேநீர் வடித்து முடித்த இலையை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்து விரியுங்கள். உலர்ந்த இடத்தில் முதிர்ந்த ஷெங்கின் இலை பழுப்பேறியிருந்தாலும் நெகிழ்ந்து விரியும்; தேநீர் செம்மஞ்சளாகத் தெளிந்திருக்கும். ஈரக் கிடங்கில் வைத்து அவசரமாகப் 'பழைய' ஆக்கியதில் இலை கறுத்து விறைக்கும், பூட்டிக் கிடந்த அறையின் நெடி அடிக்கும். ஷோவைக் கலந்து பழைய ஷெங் என்று விற்றால் முதல் ஊற்றிலேயே தண்ணீர் காப்பி நிறத்துக்குப் போகும்.

'தோட்டத்தில் நேரடியாக' என்பதிலும் மயங்காதீர்கள். பெயர்பெற்ற கிராமங்களுக்கு, லாவ் பான் ஜாங் போன்றவற்றுக்கு, வெளி இலை மூட்டையாக வந்து இறங்கி அந்த ஊர்ப் பெயரில் விலை ஏறுகிறது. 'முந்நூறு வருட மரம்' என்பதைக் குடித்துப் பார்த்து உறுதிசெய்ய யாராலும் முடியாது. 2007இல் பூ-எர் விலை வெறித்தனமாக ஏறி அந்த ஆண்டே சரிந்தது. முதலீடு என்று பேசுபவரிடம் இதை நினைவூட்டுங்கள்.

நான் சொல்வது இதுதான்: மூன்று நான்கு வருட ஷெங் ஒன்று, ஒரு ஷோ, இரண்டையும் கடையிலேயே ஊற்றச் சொல்லிக் குடித்து, பிடித்தால் சிறு வட்டாக வாங்குங்கள். 110 மில்லி மூடிக் கிண்ணத்துக்கு 6 கிராம், நன்கு கொதித்த நீர். முதல் நீரை ஐந்து விநாடியில் கொட்டிவிட்டு, அடுத்ததைப் பத்து விநாடியில் வடிக்க வேண்டும். பிறகு சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டினால் எட்டுத் தடவையாவது தாங்கும். இரண்டாவது ஊற்றை மட்டும் குடித்து முடிவெடுக்க வேண்டாம். ஐந்தாவதில் வெறும் கசப்பு மட்டும் மிஞ்சினால் விட்டுவிடுங்கள். வட்டை உடைக்கும் ஊசி வாங்கினால் செக்-இன் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் பறித்துக்கொள்வார்கள். பில்லைத் தொலைக்காதீர்கள்.

ஊர் வந்தபின் ஃபிரிட்ஜ் வேண்டாம், பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். காகித உறையோடு, மெருகிடாத மண் ஜாடியில், வெயில் படாமல் வையுங்கள். பெருங்காயமும் சாம்பிராணியும் இருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் கூடாது. எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். மஞ்சளாகவோ பச்சையாகவோ பூசணம் தெரிந்தால் கழுவிக் குடிக்க முயலாமல் எறிந்துவிடுங்கள்.