இரண்டாவது சர்வர் இருந்தும் அரை நிமிட மௌனம் ஏன்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் வெளி லைன்கள் ஒரு வாய்ஸ் கேட்வே (போன் லைனை எங்கள் நெட்வொர்க்கோடு இணைக்கும் கருவி) வழியாக வருகின்றன. அதற்குப் பின்னால், அழைப்புகளை உரிய போனுக்கு அனுப்பும் இரண்டு கால் சர்வர்கள். முதலாவது படுத்துவிட்டால் இரண்டாவது எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதற்குள் அரை நிமிடம் போய்விடுகிறது, பாதிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள். கேட்வே பழுதா?

பதில்: பழுதில்லை. சீக்கிரம் கைவிடச் சொல்லி யாரும் அமைக்காததால் அது தன் வழக்கப்படி பொறுமையாகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அழைப்பு வந்ததும் கேட்வே தன் பட்டியலில் அந்த எண்ணோடு அதிக இலக்கங்கள் பொருந்தும் வழியை எடுக்கும். இரண்டு வழிகள் சமமாகப் பொருந்தினால் முன்னுரிமை பார்க்கும். அப்படித்தான் முதல் சர்வருக்கு ‘இன்வைட்’, அதாவது அழைப்பு வந்திருக்கிறது என்ற செய்தி போகிறது. பதில் இல்லை. போய்ச் சேர்ந்ததா என்று உறுதி தராத யூடிபி முறையில் அனுப்பியது வழியில் தொலைந்திருக்கலாம் அல்லவா? அதனால் அரை வினாடி கழித்து மறுபடி அனுப்பும். அப்புறம் 1 வினாடி, 2, 4, 8, 16 என்று இடைவெளி இரட்டிப்பாகும். மொத்தம் 7 முறை. 32 வினாடி ஆன பிறகே கைவிடும். 2002-இல் வந்த சிப் (நெட்வொர்க் வழி அழைப்புகளுக்கான நெறிமுறை) தரநிலை, ஆர்எஃப்சி 3261, போட்ட கணக்கு இது: அரை வினாடி பெருக்கல் 64.

சர்வர் உயிரோடு இருந்து ‘503’, அதாவது இப்போது சேவை இல்லை என்று கைவிரித்திருந்தால், கேட்வே உடனே அடுத்த சர்வருக்குத் தாவியிருக்கும். ஒன்றுமே சொல்லாமல் செத்துக்கிடப்பதுதான் தொல்லை.

இரண்டு அமைப்புகளை மாற்றுங்கள். இன்வைட் மறுமுயற்சியைக் குறையுங்கள். நான் 2 என்று வைப்பேன், சில வினாடிகளில் முடிந்துவிடும். அடுத்தது ‘ஆப்ஷன்ஸ்’ பிங். கேட்வே குறித்த இடைவெளியில் சர்வரை விசாரித்துக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் அந்த வழியை மூடிவிடும், அடுத்த அழைப்பு நேராக இரண்டாவதற்குப் போகும். ஆனால் இதை முழுக்க நம்பிவிடாதீர்கள். உள்ளே டேட்டாபேஸ் செத்திருந்தாலும் ஆப்ஷன்ஸுக்கு மட்டும் ‘200’, அதாவது எல்லாம் சரி என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்லும் சர்வர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

‘486’, அதாவது பிஸி என்று வந்தால் அடுத்த சர்வருக்குத் தாவ விடாதீர்கள். பேசிக்கொண்டிருப்பவரின் போனைத்தான் அதுவும் போய்த் தட்டும்.

சர்வர் விழும்போது பேச்சு நடந்துகொண்டிருந்தால்? குரல் கேட்வேக்கும் ஐபி போனுக்கும் இடையே நேராகப் போகிறது என்றால் பெரும்பாலும் பேச்சு தொடரும். ஹோல்ட், டிரான்ஸ்ஃபர் மட்டும் வேலை செய்யாது. குரலும் சர்வர் வழியாகப் போனால் அங்கேயே அறுந்துவிடும்.

மாற்றிய பிறகு சோதிக்கும்போது சர்வர் சாஃப்ட்வேரை மட்டும் நிறுத்திப் பார்க்காதீர்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தால், அந்த சாஃப்ட்வேர் செய்தி வாங்கும் போர்ட்டில் (நெட்வொர்க் வாசலில்) யாரும் இல்லை என்று அதுவே சொல்லிவிடும். சில கேட்வேக்கள் அதைக் கேட்டுச் சட்டென்று மாறிவிடும், உங்களுக்கும் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு வெளியிலிருந்து ஒரு கால் போட்டுப் பாருங்கள்.