கண் அளவு

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் அம்மாவுக்கு 78 வயது. வீட்டில் யாராவது காய்ச்சலில் கிடந்து தேறினால், தேர்வு முடிந்தால், சண்டை போட்டவர்கள் சமாதானமானால் அம்மா ஓர் இனிப்பு செய்வார். சர்க்கரைப் பாகு காய்ச்சி, வறுத்த மாவைக் கொட்டிக் கிளறுவது, அவ்வளவுதான். பத்து வருடமாக நானும் செய்து பார்க்கிறேன், வரவில்லை. ஒரு தடவை கல்லாகிவிடுகிறது, ஒரு தடவை கூழாக நிற்கிறது, ஒரு தடவை மணல் மாதிரி நறநறக்கிறது. போனில் அளவு கேட்டால் "எல்லாம் கண் அளவுதான்" என்கிறார். என் ஒன்பது வயது மகளுக்கோ பாக்கெட்டில் வரும் இனிப்புதான் பிடிக்கிறது. போன வாரம் நான் செய்ததை ஒரு வாய் தின்றுவிட்டு வைத்துவிட்டாள். அன்று இரவு அழுதுவிட்டேன். ஒரு தின்பண்டத்துக்குப் போய் அழுவார்களா என்கிறார் கணவர். அம்மாவோடு இந்த ருசியும் போய்விடுமா?

ம.

அன்புள்ள ம.,

அழலாம். நானும் அழுதிருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் பாகைப் பார்த்துவிடுவோம்.

கல்லாவதற்கும் கூழாக நிற்பதற்கும் காரணம் ஒன்றேதான்: பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சமிருந்தது என்பது. சர்க்கரையும் தண்ணீரும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிறது, பாகின் சூடு ஏறுகிறது. 112 முதல் 116 டிகிரி செல்சியஸில் ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டால் விரலால் அமுங்கும் மெத்தென்ற உருண்டை கிடைக்கும். அப்போது பாகில் ஏறக்குறைய 85 சதவீதம் சர்க்கரை. 121-ஐத் தாண்டினால் உருண்டை கெட்டியாகும், 146-க்கு மேல் போனால் அந்தச் சொட்டு உடையும். மெல்லிய பாத்திரமும் பெரிய தீயும் சேர்ந்தால் ஒரு பதத்திலிருந்து அடுத்ததற்குப் போக அதிக நேரம் ஆகாது. நீங்கள் மாவை எடுக்கத் திரும்புவதற்குள் பதம் தாண்டிவிடும்.

நறநறப்பு வேறு கதை. கரைந்த சர்க்கரை மறுபடி படிகமாவதால் வருவது அது. சர்க்கரை கரைந்த பிறகும் பாகைக் கிண்டிக்கொண்டே இருந்தாலோ, பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரை உள்ளே விழுந்தாலோ படிகம் பிடித்துக்கொள்ளும். சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் அந்தப் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாகப் பிரித்துவிடும், பிறகு எளிதில் படிகமாகாது. உங்கள் அம்மா எலுமிச்சை பிழிகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டால்தான் சொல்வார். அதை ஒரு பொருளாகவே அவர் கணக்கில் வைத்திருக்க மாட்டார்.

கண் அளவு என்றால் அளவே இல்லை என்று அர்த்தமில்லை. தெர்மாமீட்டர் எண்ணில் சொல்வதை அவர் குமிழியின் பருமனில் பார்க்கிறார், கொதிக்கும் சத்தம் கனப்பதில் கேட்கிறார், கரண்டியிலிருந்து விழும் நூலின் நீளத்தில் தெரிந்துகொள்கிறார். அறுபது வருடப் பழக்கம் அது. அதைப் போனில் வாங்க முடியாது. நேரில் போங்கள். சர்க்கரை டப்பாவை அவர் கை வைப்பதற்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை எடை போடுங்கள். மாவுக்கும் அப்படியே. அவர் போக்கில் அள்ளிப் போடட்டும், குறுக்கே அளவுக் கரண்டியை நீட்டாதீர்கள், கை தயங்கிவிடும். எந்தப் பாத்திரம், அடி எவ்வளவு கனம் என்று எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அவர் தீயைக் குறைக்கிற அந்த நொடியில் "இப்ப ஏம்மா குறைச்சீங்க?" என்று கேட்பது. அரை மணி கழித்துக் கேட்டால் அவருக்கே ஞாபகம் இருக்காது.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நான் கேட்கவில்லை.

என்னை வளர்த்தவர் பெரியம்மா. அவரும் மாவு வறுத்துத்தான் ஒன்று செய்வார். எனக்கு ஆறேழு வயதிருக்கும்போதே என்னை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார வைத்துக்கொள்வார். வறுக்க வறுக்க "வாசம் வந்துடுச்சாடா?" என்று கேட்பார். நான் மூக்கை உறிஞ்சிப் பார்த்து "இன்னும் இல்லை" என்பேன். மறுபடி கேட்பார். "வந்துடுச்சு" என்றதும் சட்டென்று இறக்குவார். என்னைப் பெரிய மனிதனாக நடத்துகிறார் என்று எனக்குப் பெருமையாக இருக்கும். அவர் போய்ப் பல வருடங்கள் கழித்து அக்காதான் சொன்னார், பெரியம்மாவுக்கு அப்போதே மூக்கு மங்கிவிட்டது, வாசனை தெரியாது என்று. வயது ஏறினால் மோப்பம் குறைவது சகஜம். பெரியம்மா அதை யாரிடமும் சொல்லாமல் என் மூக்கை வைத்துச் சமைத்திருக்கிறார். அன்று இரவுதான் நான் அழுதது.

அவர் போட்ட அளவு எதுவும் என்னிடம் இல்லை. ஒரு சீட்டுகூட இல்லை. ஆனால் மாவை எப்போது இறக்க வேண்டும் என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தப்பியதில்லை. வறுபடும் மாவில் சர்க்கரைக் கூறும் புரதக் கூறும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தருகின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமீல் மையாரின் பெயரில்தான் இந்த வினையே அழைக்கப்படுகிறது. எனக்கு அது பெரியம்மாவின் குரலோடு சேர்ந்து வருகிற மணம். மற்றப் புலன்கள் தரும் செய்தி மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் என்ற இடத்தைத் தாண்டித்தான் மேலே போகிறது. மோப்பத்துக்கு அந்தச் சுற்று இல்லை, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளோடு அதற்கு நேரடித் தொடர்பு. ருசி என்று நாம் சொல்வதிலும் பெரும்பங்கு மணம்தான். மெல்லும்போது அது வாயின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. ஜலதோஷம் பிடித்தால் சாப்பாடு சப்பென்று ஆவது அதனால்தான்.

உங்கள் கணவரிடம் இரண்டு ஆய்வுகளைச் சொல்லுங்கள். 2014-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், மனதை வாட்டும் காட்சிகளைப் பலருக்குக் காட்டிவிட்டு, சிலருக்கு அவரவர் ஆறுதல் உணவைக் கொடுத்தார்கள், சிலருக்கு வேறு உணவு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. எல்லோருக்கும் மனம் ஒரே மாதிரிதான் தேறியது. அவர் பக்கம் பேசுகிற ஆய்வு இது. ஆனால் அதற்கு மூன்று வருடம் முன்பு, 2011-இல், ட்ரொய்ஸி, கேப்ரியல் என்ற இரு உளவியலாளர்கள் வேறொன்றைப் பார்த்தார்கள். நெருங்கியவர்களோடு உறுதியான பிணைப்பு உள்ளவர்களுக்கு, ஆறுதல் உணவு பற்றி எழுதியதே தனிமை உணர்வைக் குறைத்தது. சாப்பிடக்கூட வேண்டியிருக்கவில்லை. என் புரிதலில் இரண்டும் முரண் இல்லை. பண்டத்துக்குள் மருந்து எதுவும் கிடையாது. அது யாருடைய கையை நினைவுபடுத்துகிறதோ அந்த ஆள்தான் ஆறுதல். நீங்கள் அழுதது அம்மாவுக்காக, அதில் அசட்டுத்தனம் என்ன இருக்கிறது?

சரி, மகள். அவள் ஒரு வாய் தின்றுவிட்டு வைத்ததைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புது ருசி ஒன்று பழகக் குழந்தைகளுக்குப் பல தடவை வேண்டும், எட்டுப் பத்து தடவைகூட ஆகலாம். தவிர, பாக்கெட் இனிப்பு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கிறது. உங்களுடையது ஒரு நாள் கல், ஒரு நாள் கூழ். அவள்மேல் என்ன குற்றம்? அவளைப் பாக்கெட்டுக்காகத் திட்டவும் வேண்டாம், "பாட்டி செய்றது இது" என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம். உங்களுக்கு அந்த ருசி தட்டில் வந்ததா, இல்லை காய்ச்சல் தெளிந்து எழுந்த காலையில் அடுப்படியிலிருந்து வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அவளுக்கு இதுவரை தட்டு மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

அதனால் அம்மாவைப் பார்க்கப் போகும்போது அவளையும் கூட்டிப் போங்கள். எடை போடும் வேலையை அவளிடமே கொடுங்கள், ஒன்பது வயதுப் பிள்ளைகள் அதைச் சிரத்தையாகச் செய்வார்கள். பாகு கொதிக்கும் நேரத்தில் மட்டும் தள்ளி நிற்கட்டும். அது வெந்நீரைவிடச் சூடு, தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். மாவு வறுக்கும்போது பக்கத்தில் வந்து உட்காரலாம். உங்கள் அம்மாவுக்கு மணம் தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி, வறுபடும்போது அவரையே பேத்தியிடம் கேட்கச் சொல்லுங்கள், "வாசம் வந்துடுச்சாம்மா?" என்று. அவள் "வந்துடுச்சு" என்று சொன்ன பிறகே இறக்குங்கள், கொஞ்சம் முந்தியிருந்தாலும் பரவாயில்லை.